ஐயனார் பேரில் ஒரு மெயில் சர்வர்

திருக்கோகர்ணம் நிறுத்தத்தில் பஸ் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது, வேறொரு மடலைத் தேடிச் செல்போனில் ஸ்பேம் பெட்டியைத் திறந்தேன். முதலில், முடி கொட்டாமலிருக்க ஒரு எண்ணெய். அதற்குக் கீழே, 'புரவி எடுப்பு சம்பந்தமாக' என்று அப்பா அனுப்பியிருந்த மடல். அதற்கும் கீழே, நான் வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு. இரண்டு பொய்க்கும் நடுவில் எங்கள் குலசாமி ஐயனார் மாட்டிக்கொண்டு கிடந்தார். சிரிப்பு வந்தது. பஸ் கிளம்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே வீட்டில் இருக்கிற எனக்கே இந்தக் கதி என்றால், மற்றவர்களுக்கு?

முந்தின நாள்தான், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற பங்காளிகள் எல்லாருக்கும் கோயில் கூட்டத் தேதியைச் சொல்லி, அப்பா தன் இலவச மெயில் கணக்கிலிருந்து ஒரே மூச்சில் மடல் அனுப்பியிருந்தார். சரியாகப் போகிறதா என்று பார்க்க என் முகவரியையும் சேர்த்திருந்தார். "எல்லாருக்கும் போயிருச்சு பாப்பா" என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். போனது உண்மைதான். எங்கே போய் விழுந்தது என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை.

பஸ் திருவரங்குளம் வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன். கோயிலுக்கென்று இணையத்தில் ஒரு சொந்தப் பெயர், அதாவது டொமைன். அந்தப் பேரில் மடல்களை அனுப்பி வாங்க, சொந்தமாக ஒரு மெயில் சர்வர். ஐயனார் பேரில் ஒரு மடல் போனால் உலகத்தில் எந்தப் பெட்டியும் அதைக் குப்பை என்று தள்ளக் கூடாது. அதுவரை நான் மெயில் சர்வரைத் தொட்டதுகூட இல்லை. அது ஒரு குறையாக எனக்கு அப்போது தோன்றவேயில்லை.

அப்பா ஸ்கூட்டரோடு நிறுத்தத்தில் நின்றார்.

"ஒங்க மெயிலு ஸ்பேம்ல கெடக்குதுப்பா."

"அப்படின்னா?"

"குப்பைக்கூடை."

வண்டியைக் கிளப்பியவர் மறுபடி நிறுத்தினார். "எல்லாருக்குமா?"

"தெரியலைப்பா. பாதிப் பேருக்காச்சும் அங்கிட்டுத்தான் போயிருக்கும்."

அப்புறம் கேட்டார்: "அண்ணனுக்கு?"

அவர் அண்ணனை, என் பெரியப்பாவைப் பற்றிய அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மழை, வேளாண்மை, நாலு கரைக்காரர்களின் ஒற்றுமை, மூன்றும் கூடிவந்தால்தான் எங்கள் ஊரில் புரவி எடுப்பு நடக்கும். கரை என்றால் ஆற்றங்கரை இல்லை. பங்காளிகள் பிரிந்த வரிசை. ஒவ்வொரு கரைக்கும் கோயிலில் ஒரு உரிமை, ஒரு வேலை. மண்பாண்டம் செய்கிற வேளார் செய்து கொடுக்கும் மண் குதிரைகளைத் தோளில் சுமந்து ஐயனார் வாசலில் கொண்டுபோய் வைப்பதுதான் விழா. அழைப்பு எழுதுகிற வேலை எங்கள் இரண்டாம் கரைக்கு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் அப்பாவின் தலையில்.

அழைப்புக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். ஒருத்தனுக்கு முந்திச் சொல்லி இன்னொருத்தனுக்குப் பிந்திச் சொன்னால், பிந்தியவனைத் தாழ்த்தியதாகக் கணக்கு. அதனால்தான் உள்ளூரில் நாலு தெருவும் சந்திக்கிற இடத்தில் நின்று தமுக்கு அடிப்பார்கள். எந்த வீட்டு வாசலிலும் தனியாக நிற்க மாட்டார்கள். வெளியூர்க் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, நாலு கரை ஆட்களும் பார்க்க ஒரே தபால்பெட்டியில் போடுவார்கள்.

நான் எட்டாவது படித்தபோது நடந்த போன புரவி எடுப்புக்கும் அப்பா அப்படித்தான் போட்டார். சிங்கப்பூரில் இருக்கிற பெரியப்பாவுக்குப் போன கடிதம் மட்டும் எங்கே சுற்றியதோ, திருவிழா முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. அதற்குள் யாரோ ஒரு பங்காளி அவரிடம் போனில், "ஒங்களுக்கு அழைப்பு வரலையா?" என்று கேட்டுவிட்டார். பெரியப்பா அப்பாவைக் கூப்பிட்டார். "ஊருக்கெல்லாம் சொல்லிப்புட்டு கூடப் பொறந்தவனுக்குக் கடைசியாடா?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். அதிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு இல்லை. அம்மாவும் பெரியம்மாவும் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவார்கள். அப்போதெல்லாம் அப்பாவுக்குத் தாகம் எடுக்கும். ஃபிரிட்ஜ் பக்கம் நின்று, சொம்பை வாயில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த முறையும் அழைப்பு எழுதுகிற பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். "இந்தத் தடவை அண்ணனுக்கு நேரத்துல சேரும். அதுக்கு நான் பொறுப்பு" என்று முந்தைய கூட்டத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாட்ஸ்அப்பில் போட்டால் என்ன என்று நான் கேட்காமல் இல்லை. மூன்றாம் கரைச் சித்தப்பா கையை உதறினார். "குரூப்புல போடுறது நடுத்தெருவுல நின்னு கத்துறது மாதிரித்தாம்மா. உள்ளூருக்கு அது போதும். கடல் தாண்டி இருக்குறவனைப் பேரு சொல்லிக் கூப்புடணுமா இல்லையா?" அதுவும் போக, குரூப் ஏற்கெனவே சண்டையில் இரண்டாக உடைந்திருந்தது.

ஆக, மெயில். நான் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கிற வேலை செய்கிறேன். அடுத்தவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது என் தொழில். நானே ஒன்றைக் கட்டி எழுப்பும் ஆசை நெடுநாளாக அரித்துக்கொண்டிருந்தது. அந்த வாரமே டொமைனைப் பதிவு செய்தேன். எங்கோ ஒரு பெரிய கட்டடத்தில் ஓடுகிற கணினியில் சின்னதாக ஒரு மூலையை வாடகைக்கு எடுத்தேன். இலவசமாகக் கிடைக்கிற மெயில் மென்பொருளை நிறுவி, முதல் மடலை எனக்கே அனுப்பினேன். அது வாசலைக்கூடத் தாண்டவில்லை. ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்குப் பயந்து, வாடகைக்கு விடுகிறவர்கள் மடல் வெளியேறும் வழியைப் புதியவர்களுக்கு அடைத்தே வைத்திருப்பார்களாம். திறந்துவிடச் சொல்லி எழுதினேன். எதற்கு, யாருக்கு, எத்தனை மடல் என்று கேட்டார்கள். மண் குதிரை, நாலு கரை, சிங்கப்பூர்ப் பெரியப்பா என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் போட்டேன். மறுநாள் திறந்துவிட்டார்கள். கடைசி வரியில், குதிரைகளுக்கு வாழ்த்துகள் என்று போட்டிருந்தது.

மடல் வெளியே போனது. போய் நேராக ஸ்பேமில் விழுந்தது.

அப்போதுதான் விளங்கியது. மடல் அனுப்பக் கற்றுக்கொண்டது பாதி வேலைகூட இல்லை. ஐயனார் பேரைப் போட்டு யார் வேண்டுமானாலும் மடல் அனுப்பலாம். வாங்குகிறவன் எதை நம்புவான்? அதற்குத்தான் டி.என்.எஸ். என்ற பொதுப் பலகை இருக்கிறது. டொமைனின் சொந்தக்காரர் மட்டும் அதில் எழுதலாம். உலகத்தில் யாரும் வந்து படித்துப் பார்க்கலாம். நம்முடைய சாட்சியங்களை அதில்தான் எழுதி வைக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து படித்தேன். எனக்குப் புரிந்ததா என்று பார்க்க, அப்பாவிடம் சொல்லிப் பார்ப்பதுதான் என் வழக்கம். அவர் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர்; காகிதம், கையெழுத்து, அத்தாட்சி என்றால் காதைக் கொடுத்துக் கேட்பார்.

"மொத ரெக்கார்டு எஸ்.பி.எஃப். நம்ம பேருல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கெல்லாம் உரிமை இருக்குன்னு ஒரு பட்டியல்ப்பா."

"ரேஷன் கார்டுல பேரு இருக்குறவன்தான் வந்து வாங்கலாம்ங்குற மாதிரி."

"ஆமா. ரெண்டாவது டிகிம். ஒவ்வொரு மெயில்லயும் நம்ம சர்வர் ஒரு கையெழுத்துப் போட்டு விடும். அது சரியான்னு பாக்க ஒரு சாவி பலகையில இருக்கும். நடுவுல எவனாச்சும் ஒரு எழுத்த மாத்துனாலும் கையெழுத்து ஒத்துப்போகாது."

"பேங்க்ல மாதிரிக் கையெழுத்து வச்சிருக்காங்கள்ல, அது. மூணாவது?"

"டிமார்க். இந்த ரெண்டும் சரியில்லைன்னா அந்த மெயில என்ன செய்யணும்னு நாமளே சொல்லி வைக்கிறது. நம்ம பேருல என்னென்ன வந்துச்சுன்னு தெனமும் நமக்கு அறிக்கை அனுப்பச் சொல்றதும் அதுலதான்."

"தணிக்கை" என்றார் அப்பா திருப்தியாக.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, ஒரு பத்திரிகை அனுப்ப இம்புட்டு அத்தாட்சியா? ஒனக்கு மாப்பிள்ளை பாக்கக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க போலருக்கே."

மூன்றையும் எழுதினேன். இவை போதாதென்று, சர்வரின் எண்ணைக் கொடுத்தால் அதன் பெயர் திரும்பி வருகிற மாதிரி இன்னொரு பதிவும் வைத்தேன். எண்ணும் பெயரும் ஒன்றையொன்று காட்ட வேண்டும். சோதனை மடல் அனுப்பினேன். கையெழுத்து தேறியது. பட்டியல் தேறவில்லை. சர்வரின் எண்ணை ஐந்து தடவை சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு கண்ணில் பட்டது: டொமைன் விற்றவர்கள் முன்கூட்டியே தங்கள் பங்குக்கு ஒரு எஸ்.பி.எஃப். வரி எழுதி வைத்திருந்தார்கள். அதற்குக் கீழே என்னுடையது. ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

"ஒரு குடும்பத்துக்கு ரெண்டு கார்டு இருந்தா ரெண்டையும்தான் முடக்குவோம்" என்றார் அப்பா. அதற்கு ஏன் இரண்டு நாள் ஆனது என்று அவருக்குப் புரியவில்லை. முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம்.

பழைய வரியை அழித்தேன். மறுபடி அனுப்பினேன். மடலின் தலைப்பகுதியில் மூன்று இடத்தில் தேர்ச்சி என்று வந்தது. மடல் ஸ்பேமில் இல்லை. முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்திருந்தது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். பொதுத்தேர்வு முடிவு வந்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷப்பட்டதாக நினைவில்லை.

அந்த மிதப்பிலேயே கோயில் கூட்டத்துக்குப் போனேன். அங்கே ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டியிருந்தது. புது சர்வரை யாருக்கும் தெரியாது. அத்தாட்சி சரியாக இருந்தாலும், திடீரென்று ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான மடல் அனுப்பினால் பெரிய மெயில் கம்பெனிகள் சந்தேகப்படும். முதல் நாள் இருபது, மறுநாள் நாற்பது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால்தான் பெயர் பழகும். எங்கள் பட்டியலில் முந்நூற்றுச் சொச்சம் முகவரிகள்.

மூன்றாம் கரைச் சித்தப்பா எழுந்தே விட்டார். "மொத நாளு இருபதா? அந்த இருபது யாரு?"

"யாரா இருந்தா என்ன சித்தப்பா, ஒரு வாரத்துல எல்லாருக்கும் போயிரும்."

"ஒரு வாரமா! ஏம்மா, படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? ஒரு மணி நேரம் முன்னப்பின்ன ஆனாலே இங்க வேட்டிய மடிச்சுக் கட்டுவானுக."

அப்பா என் பக்கம் பேசுவார் என்று நினைத்தேன். அவர்தான் எல்லாரையும் விட உறுதியாக நின்றார். "ஒரே நேரம்தான் பாப்பா. அதுல மாத்தம் இல்ல." அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். வாதாட முடியவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு தைரியம்: மூன்று தேர்ச்சி வாங்கியிருக்கிறோமே, பார்த்துக்கொள்ளலாம்.

பிடிமண் கொடுக்கிற நாள் வந்தது. கோயில் வாசலில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பார்கள்; அதற்குப் பிறகுதான் அவர் குதிரைக்குக் களிமண் மிதிப்பார். அழைப்பும் அதற்குப் பிறகுதான். வேளார் மண்ணைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். நாலு கரையிலிருந்தும் ஆளுக்கொருவராக எங்கள் வீட்டுக்கு வந்து என் லேப்டாப்பைச் சுற்றி நின்றார்கள். அம்மா எல்லாருக்கும் காபி கொடுத்தாள். நல்ல நேரம் பார்த்து, காலை பத்தே கால் மணிக்கு அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என்டர் பொத்தானை அழுத்தினார். சித்தப்பா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

முதல் எழுபது மடல் ஓடியது. திரையில் வரிகள் பறந்தன. பிறகு நின்றது. 'இந்த முகவரியிலிருந்து வழக்கத்துக்கு மாறாக நிறைய மடல் வருகிறது, அப்புறம் வா' என்ற பதில் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கியது. நான் பயந்தது நடந்தேவிட்டது.

"என்னம்மா, நின்னுருச்சு?" என்றார் சித்தப்பா.

"வரிசையில நிக்குது சித்தப்பா. திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். எதுவும் தொலையாது."

அவருடைய செல்போன் அடித்தது. குவைத்திலிருந்து அவர் மகன். இவர் முகம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மொதக் கரைக்காரனுக்குப் பூராவும் வந்துருச்சாம். எம் பயலுக்கு வரலையாம். இது என்ன நியாயம்?"

பட்டியலைத் திறந்து பார்த்தேன். நாலு கரையின் பட்டியலையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, கரை வரிசையிலேயே ஒட்டியிருந்தேன். முதலில் ஓடிய எழுபதில் முதல் கரை முழுசாக அடங்கிவிட்டது. எதற்காக இத்தனை பாடுபட்டோமோ அதையே என் கையால் கெடுத்திருக்கிறேன். கலைத்துப் போடு என்று கணினிக்கு ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் போதும்.

இரண்டாம் கரையில் கொஞ்சம் போயிருந்தது. பெரியப்பாவின் முகவரியைத் தேடினேன். அவருடையது அவர் வேலை பார்க்கிற கம்பெனியின் முகவரி. எங்களைத் தெரியாததால் அந்த சர்வரும் 'சற்றுப் பொறுத்து வரவும்' என்று திருப்பியிருந்தது. அறியாத ஆள் முதல் தடவை கதவைத் தட்டினால் சில சர்வர்கள் அப்படித்தான் சொல்லும். மறுபடி முறையாக வந்து தட்டினால் திறக்கும். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"அண்ணன் வீட்டு சர்வரும் அண்ணன் மாதிரியே இருக்கு" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

நான் மொத்த வரிசையையும் நிறுத்தினேன். இதே வேகத்தில் முட்டினால் நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு மடல் என்று வேகத்தைக் குறைத்தேன். இந்த முறை கரை பார்க்காமல் கலைத்தும் போட்டேன். கரைக்காரர்கள் முற்றத்துக்குப் போய்த் தங்களுக்குள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "பெரியப்பாவோடத மட்டும் மொதல்ல தள்ளிவிடவாப்பா? ஒரு வரிதான். யாருக்கும் தெரியாது."

திரையில் பெரியப்பாவின் முகவரி இருந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். "வேணாம். வரிசையிலயே வரட்டும்" என்று சொல்லி விரலை எடுத்துக்கொண்டார்.

முற்றத்தில் சத்தம் கூடியது. நான் என் செல்போனை எடுத்துக்கொண்டு போனேன். சேர்ந்த மடல் ஒன்றையும், வரிசையில் காத்திருக்கும் மடல் ஒன்றையும் காட்டினேன். இரண்டின் தலைப்பகுதியிலும் எழுதப்பட்ட நேரம் ஒன்றே: பத்தேகால்.

"பாருங்க சித்தப்பா. பொறப்பட்ட நேரம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இத யாரும் மாத்த முடியாது, கையெழுத்து இருக்கு. போய்ச் சேர்ற நேரம்தான் முன்னப்பின்ன."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "பெட்டியில எல்லாத்தையும் ஒண்ணாத்தான் போட்டுருக்கு. தபால்காரன் சைக்கிள் பஞ்சரானா நாம என்னய்யா பண்றது?" என்று சொல்லிவிட்டு இரண்டாவது காபி கேட்டார். அதோடு சத்தம் அடங்கியது.

பதினொன்றே முக்காலுக்குப் பெரியப்பாவின் மடலைக் கதவு திறந்து வாங்கிக்கொண்டார்கள். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் மொத்த வரிசையும் காலியானது. அப்பா அலுவலகத்துக்கு மீதி அரைநாளுக்கும் விடுப்புச் சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே இருந்தார். ஒவ்வொரு முகவரியும் மறைய மறைய, அது யார், யார் மகன், எந்த ஊரில் என்ன வேலை என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை பேரை அவருக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் டிமார்க் அறிக்கைகள் வந்தன. அவற்றில் யார் படித்தார் என்றெல்லாம் இருக்காது. எந்த சர்வர், எத்தனை மடல், தேறியதா என்பது மட்டும்தான். பெரியப்பா கம்பெனியிலிருந்து வந்த அறிக்கையில் ஒரே ஒரு வரி. மடல் ஒன்று. பட்டியல் தேர்ச்சி, கையெழுத்து தேர்ச்சி, நடவடிக்கை எதுவும் இல்லை. அந்தக் கம்பெனியில் எங்கள் பங்காளி வேறு யாரும் கிடையாது. அந்த ஒன்று அவருடையதுதான்.

"படிச்சாரா?" என்றார் அப்பா.

"அது இதுல தெரியாதுப்பா. தொறந்து பாத்தாரான்னு கண்டுபிடிக்க வேற ஒரு வழி இருக்கு. மெயிலுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு படத்த வச்சு அனுப்பலாம்..."

"சீ, வேணாம். கதவிடுக்குல நின்னு பாக்குற மாதிரி."

இரண்டு நாள் போனது. துபாயிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பதில்கள் வந்தன. வாழ்த்து, கேள்வி, குதிரை எத்தனை, காப்பு என்றைக்குக் கட்டுகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து எதுவும் இல்லை. நான் லேப்டாப் திறக்கும்போதெல்லாம் அப்பாவுக்குத் தாகம் எடுத்தது.

மூன்றாம் நாள், வரவேண்டிய ஒரு அறிக்கை வரவில்லையே என்று தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் சர்வருக்கும் ஒரு ஸ்பேம் பெட்டி இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கட்டும்போது உற்சாகத்தில் வடிகட்டியை மிகக் கறாராக வைத்திருந்தேன். அடுத்தவர்களின் குப்பைக்கூடையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் என்னுடையதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. திறந்தேன். ஒரே ஒரு மடல். தலைப்பு இல்லை. தமிழை ஆங்கில எழுத்தில், எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்திருந்தது. என் வடிகட்டிக்குப் பிடிக்காதது எல்லாம் அதில் இருந்தது. அழைப்பு சேர்ந்த அன்று மதியமே அனுப்பப்பட்டது.

"அப்பா!" என்று நான் கத்தியதில் அம்மாவும் ஓடிவந்தாள். நான்தான் படித்துக் காட்டினேன்.

'தம்பி. மெயில் வந்துச்சு. ஆபீஸ்ல இருக்கும்போதே வந்துருச்சு. அஞ்சு நிமிசத்துல துபாய்க்காரன் போன் பண்ணி, ஒனக்கு அழைப்பு வந்துச்சா, எனக்கு வரலையேன்னு அழுதான். எனக்கு வந்துருச்சுப்பான்னு சொன்னேன். லீவு வேணும்னு ஆபீஸ்ல சொல்லி வச்சுட்டேன். காப்பு கட்டுறதுக்கு மொத நாளு வாரேன். வீட்டுலதான் தங்குவேன். மாடி ரூம்பு ஃபேன் இன்னும் கத்துதா?'

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா, எனக்கு வந்துருச்சுன்னு சொல்றதுல எம்புட்டு சந்தோசம் அவருக்கு!"

எனக்கு ஒன்று உறைத்தது, அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போயிருந்தால், அந்த வாக்கியத்தைச் சொல்லும் வாய்ப்பே பெரியப்பாவுக்குக் கிடைத்திருக்காது. சர்வர் மூச்சு வாங்கி நின்றதில் விளைந்த நன்மை அது. இதைச் சித்தப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதே என்றார் அப்பா. மூன்று தடவை மடலை அவரே படித்தார். பிறகு, ஸ்டூலையும் எண்ணெய்க் குப்பியையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

அடுத்து, காப்புக் கட்டும் நாளைச் சொல்லுகிற இரண்டாவது அழைப்பு இருக்கிறது. இந்த முறை நான் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்புவேன், யாருக்கு முதலில் என்பதைக் கணினியே கலைத்துப் போட்டு முடிவு செய்யும் என்று கூட்டத்தில் சொன்னேன். சித்தப்பா தாடையைச் சொறிந்தார்.

"ஒன் கம்ப்யூட்டர் எந்தக் கரைன்னு யாருக்குத் தெரியும்? சாமி முன்னாடி சீட்டுப் போடு. ஐயனாரு சொல்ற வரிசைன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

அதற்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் அங்கேயே துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. புது சர்வரைப் பழக்க நான் கேட்டதும் இதுவேதான்.

வரும் வெள்ளிக்கிழமை காலை திருவுளச்சீட்டு. முந்நூற்றுச் சொச்சம் பெயர்களை அச்செடுத்து, கத்தரித்து, இப்போது கூடத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருக்கிறோம். கோயில் குடத்திலிருந்து சீட்டு வருகிற வரிசையை நான் அங்கேயே தட்டச்சு செய்துகொள்வேன். முதல் நாள் இருபது, மறுநாள் நாற்பது. வடிகட்டியைத் தளர்த்திவிட்டேன், பெரிய எழுத்துக்கு மன்னிப்பு உண்டு. சர்வர் இந்த முறை முரண்டு பிடிக்காமல் ஓடுமா என்று பார்க்க வேண்டும்.

"பெரியப்பா சீட்டு கடைசி நாள்ல விழுந்துச்சுன்னா என்னப்பா பண்றது?" என்றேன்.

அப்பா ஒரு சீட்டை மற்றவற்றைப் போலவே நாலாக மடித்துக் குவியலில் போட்டார்.

"விழட்டும். அதான் அண்ணனும் நானும் இப்ப தெனமும் பேசுறோம்ல. நான் போன்ல சொல்லிக்கிறேன்."